பாலாற்றங்கரையில் குடும்பத்தோடு மூன்று நாள்

சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் போரும் போட்டு, நெல்லும் கைமாறிவிட்டால் தை, மாசியில் விவசாயக் குடும்பத்துக்குச் சில நாள் ஓய்வு கிடைக்கிறது. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் எங்காவது போய் வரலாம் என்று ஆசைப்படுவது இந்த நாட்களில்தான். பலரும் திருப்பதிக்கோ, மேல்மருவத்தூருக்கோ போய்த் திரும்பிவிடுகிறார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் என்றால் தோல் ஷாப்பும் பிரியாணியும் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு.

உண்மையில் ஒரு விவசாயி தன் குடும்பத்தோடு சுற்றிப் பார்ப்பதற்கு இந்தப் பாலாற்றுப் பகுதிக்கு இணையான இடங்கள் தமிழ்நாட்டில் குறைவு. கோட்டை உண்டு, கோயில் உண்டு, மலை உண்டு, மாட்டுச் சந்தை உண்டு. எல்லாவற்றிலும் நீரைப் பற்றிய பாடம் ஒன்று இருக்கிறது. நீரைத் தேக்கியவர்களின் திறமையும், நீரைக் கெடுத்ததால் வந்த கேடும் ஒரே ஆற்றங்கரையில் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன. நாளை நிலத்தைக் கையில் எடுக்கப்போகும் பிள்ளைகள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

2019ல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ஏலகிரியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளன. ஆனால் எல்லாம் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியே அமைந்திருப்பதால் பஸ் வசதிக்குக் குறைவில்லை. காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை ஆகிய ஊர்களில் ரயிலிலும் வந்து இறங்கலாம்.

புறப்படுமுன் ஒரு சிறு வேலை

பையில் துணிமணியோடு ஒரு பாட்டில் கிணற்று நீரும், ஒரு பொட்டலம் வயல் மண்ணும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பது இரண்டாம் நாளில் தெரியும்.

நீர் மாதிரி எடுக்கும்போது மோட்டாரைப் போட்டவுடன் வரும் நீரைப் பிடிக்கக் கூடாது. கால் மணி நேரமாவது ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே நீரில் இரண்டு மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி இறுக மூட வேண்டும். ஒரு லிட்டர் போதும். மண்ணுக்கு வயலில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மேற்குப்பையை ஒதுக்கிவிட்டு, அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, பக்கச் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, கடைசியில் அரை கிலோ வரும் அளவு வைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டலாம். எரு கொட்டிய இடம், வரப்போரம், மரநிழல் ஆகிய இடங்களில் மண் எடுக்கக் கூடாது. பெயர், ஊர், சர்வே எண், முன்பு செய்த பயிர், அடுத்துச் செய்யப்போகும் பயிர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் கட்டுவது அவசியம். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம்.

முதல் நாள்: வேலூர்க் கோட்டை

திங்கட்கிழமை புறப்படுவது சௌகரியம். செவ்வாயன்று சந்தை கூடுவதே காரணம்.

வேலூர்க் கோட்டை பதினாறாம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சிக்காலத்தில் கட்டப்பட்டது. 133 ஏக்கர் பரப்பு. கருங்கல் மதிலைச் சுற்றி அகழி ஓடுகிறது. பல கோட்டைகளில் அகழி தூர்ந்து புல் முளைத்துக் கிடக்க, இங்கே இன்னமும் நீர் நிற்கிறது. சூரியகுளம் என்ற ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக அகழிக்கு நீர் வந்தது என்பர்.

உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில் இருக்கிறது. கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளிமேல் ஏறி வரும் வீரர்களைச் செதுக்கியிருக்கும் நேர்த்தியைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். யுத்த காலங்களில் பூசை நின்றுபோய், மூலவர் இல்லாமலே இக்கோயில் நீண்ட காலம் கிடந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981ல் மீண்டும் இங்கே பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதே கோட்டைக்குள் பள்ளிவாசலும், 1846ல் எழுந்த மாதா கோயிலும் இருக்கின்றன. அரசு அருங்காட்சியகமும் உள்ளே இருக்கிறது. அதன் விடுமுறை நாளை முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது.

2021 நவம்பர் மழையில் அகழி நிரம்பி, நீர் கோயிலுக்குள் புகுந்தது. நீர் வரும் வழியை நினைவில் வைத்திருப்பவர்கள், உபரி நீர் போகும் வழியை மறந்துவிடுகிறார்கள். ஏரியானாலும் கிணறானாலும் நெல் வயலானாலும் இது பொருந்தும். வடிகால் அடைபட்ட வயலில் பயிர் அழுகுவதும், கலங்கல் அடைபட்ட ஏரியின் கரை உடைவதும் இதே கதைதான்.

கோட்டையின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1799ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவருடைய குடும்பத்தாரை இங்கேதான் காவலில் வைத்தார்கள். 1806ம் ஆண்டு ஜூலை 10ம் தேதி விடியுமுன் இக்கோட்டையின் சிப்பாய்கள் கம்பெனி ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, தாடி கூடாது, தோலால் செய்த பதக்கம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று போட்ட உத்தரவுகள் அவர்களைக் கொதிக்க வைத்தன. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றே கிளர்ச்சியை ஒடுக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் உயிரிழந்தனர். 1857 எழுச்சிக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இது நடந்தது. மக்கான் பக்கம் நினைவுத் தூண் இருக்கிறது.

கண்டியின் கடைசி அரசரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் 1816 முதல் 1832ல் இறக்கும் வரை வேலூரிலேயே சிறை வைக்கப்பட்டிருந்தார். அவர் நினைவாகப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் எழுப்பப்பட்டுள்ளது.

மாலையில் நேதாஜி மார்க்கெட்டையும், உழவர் சந்தையையும் ஒரு சுற்று வரலாம். கமிஷன் மண்டியில் ஒரு காய் என்ன விலைக்குப் போகிறது, அதே காய் உழவர் சந்தைப் பலகையில் என்ன விலை, தெருவோரக் கடையில் என்ன விலை என்று மூன்றையும் பிள்ளைகளை விட்டுக் குறிக்கச் சொன்னால், விளைவித்தவனுக்கும் உண்பவனுக்கும் இடையில் பணம் எங்கே நிற்கிறது என்பது அவர்களுக்கே விளங்கும்.

ஆடு வளர்ப்பில் ஆர்வமுள்ளவர்கள் திங்கள் காலையிலேயே காட்பாடி - குடியாத்தம் சாலையில் உள்ள கே.வி.குப்பம் ஆட்டுச் சந்தையைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்கு வரலாம்.

இரண்டாம் நாள் காலை: பொய்கை மாட்டுச் சந்தை

செவ்வாய்க்கிழமை பொய்கையில் மாட்டுச் சந்தை. வேலூருக்கு மேற்கே நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. ஆந்திர, கர்நாடக வியாபாரிகளும் வருவதால் கறவை மாடு, எருமை, உழவு மாடு, கன்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். விடிந்தவுடன் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் நல்ல மாடுகள் கைமாறிவிடும், பிள்ளைகளும் களைத்துவிடுவார்கள்.

தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். மாட்டின் வயதைப் பல்லில் பார்க்கும் முறையை அங்கேயே கற்றுக்கொடுக்கலாம். கீழ்த்தாடை முன்பற்களில் பால்பல் விழுந்து இரண்டு நிலைப்பற்கள் முளைத்திருந்தால் சுமார் இரண்டு, இரண்டரை வயது. நான்கு பல் என்றால் மூன்று வயதை ஒட்டி. ஆறு பல் என்றால் மூன்றரை. எட்டும் முளைத்துக் கடைவாய் சேர்ந்திருந்தால் நான்கு, நான்கரை வயது. அதற்குப்பின் பல் தேய்மானத்தைக் கொண்டுதான் கணிக்க முடியும்.

வேடிக்கை பார்க்கப் போனவர் மாடு பிடித்துக்கொண்டு திரும்புவதும் உண்டு. அப்படி வாங்குகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மடி பெரிதாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. சந்தை நாளில் கறக்காமல் மடியை நிரப்பி ஓட்டி வருவது பழைய தந்திரம். கறந்தபின் மடி சுருங்குகிறதா, நான்கு காம்பிலும் பால் ஒழுங்காக வருகிறதா, பாலில் திரியோ ரத்தமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் விற்பவர் வீட்டுக்கே போய்க் காலை, மாலை இரு வேளை கறவையைக் கண்டு வாங்குவதே சிறந்தது. வாங்கிய மாட்டை அன்றே தொழுவத்தில் மற்ற மாடுகளோடு கட்டக் கூடாது. இரண்டு, மூன்று வாரம் தனியே கட்டித் தீனி, தண்ணீர்த் தொட்டியையும் தனியே வைத்து, கோமாரி போன்ற நோய் இல்லை என்று உறுதி செய்தபின் சேர்க்க வேண்டும். சந்தைக்குப் போய் வந்தவர்களும் செருப்பையும் காலையும் கழுவிவிட்டே தொழுவத்துக்குள் போக வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கு உரிய மற்றொரு சரக்கு முள்ளு கத்தரி. அணைக்கட்டு ஒன்றியத்து இலவம்பாடியில் பேர்பெற்ற இந்தக் கத்தரியின் காம்பிலும் செடியிலும் முள் இருக்கும். 2023ல் இதற்கு 'வேலூர் முள்ளு கத்தரி' என்று புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு பட்டயத்தில் இருந்தால் மட்டும் ரகம் நிலைத்துவிடாது. கத்தரியில் தேனீக்கள் மூலம் ஓரளவு அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கும். எனவே விதைக்கு விடுபவர்கள் வேறு கத்தரி ரகங்களிலிருந்து 200 மீட்டராவது தள்ளிப் பயிரிட்டு, ரகத்தின் குணம் மாறிய செடிகளைப் பூக்குமுன் பிடுங்கி எறிந்து, நன்கு பழுத்து மஞ்சளான காய்களிலிருந்தே விதை எடுக்க வேண்டும்.

நண்பகல்: விரிஞ்சிபுரம்

பொய்கைக்கு அருகிலேயே, மதிலழகுக்குப் பேர்போன விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயில். தலமரம் பனை. சிங்கமுகம் வைத்த சிம்ம தீர்த்தம் உண்டு. கார்த்திகைக் கடை ஞாயிறில் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் இங்கே கூட்டமாக வந்து நீராடுகிறார்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது உட்பிராகாரத்தில் இருக்கும் நேரம் காட்டும் கல். அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் பொறித்த இக்கல்லில், மேலுள்ள பள்ளத்தில் ஒரு குச்சியைப் பொருத்தினால் அதன் நிழல் விழும் எண்ணே மணி. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் சில நிமிட வித்தியாசம் வரலாம். கடிகாரம் காட்டுவது நாடு முழுவதற்குமான பொது நேரம், கல் காட்டுவது அந்த ஊர்ச் சூரியனின் நேரம் என்பதே காரணம். நிழல் அளந்து பொழுதறிந்து மடை மாற்றிய காலத்தை நினைவூட்டும் கல் இது.

விரிஞ்சிபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும், வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. பையில் கொண்டுவந்த நீரையும் மண்ணையும் எங்கே, எப்படிப் பரிசோதிக்கலாம் என்று இங்கே கேட்டறியலாம். அலுவலக நேரத்துக்குள் போக வேண்டும். விடுமுறை நாளில் போனால் வாட்ச்மேனைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள் பிற்பகல்: ஆம்பூரும் ஆறும்

ஆம்பூரில் நெடுஞ்சாலையோரம் பிரியாணிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சீரகசம்பா அரிசியில், விறகடுப்பில் தம் போட்டு எடுப்பது இந்த ஊர் முறை. தொட்டுக்கொள்ளப் புளிப்பாகக் கத்தரிக்காய்க் குழம்பும், வெங்காயத் தயிர்ப் பச்சடியும் வைப்பார்கள். சீரகசம்பா பயிரிடும் உழவர்கள், தங்கள் அரிசி கடைசியில் என்ன விலைக்கு இலையில் விழுகிறது என்பதை இங்கே கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்த ஊருக்குச் சரித்திரமும் உண்டு. 1749ல் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் போரில் மாண்டது ஆம்பூரில்தான்.

சாப்பாடு முடிந்ததும் பாலாற்றங்கரைக்குப் போக வேண்டும். அங்கே அழகான காட்சியை எதிர்பார்க்க வேண்டாம். ஆயினும் இந்தப் பயணத்தில் அவசியம் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, அங்கே 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ. கடந்து, வாணியம்பாடி அருகே தமிழ்நாட்டில் நுழைந்து, 222 கி.மீ. ஓடிக் கல்பாக்கம் அருகே வயலூரில் கடலைச் சேர்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆனால் சீறினால் எப்படி என்பதை 1903 நவம்பரில் வாணியம்பாடி கண்டது. மைசூர்ப் பகுதி ஏரிகள் உடைந்து வந்த வெள்ளத்தில் ஊரே சிதைந்து பலர் மாண்டனர். 2021 நவம்பரிலும் பெருவெள்ளம் வந்தது.

மேலே மணல், அடியில் நீர் என்பதே இந்த ஆற்றின் இயல்பு. அந்தக் காலத்து விவசாயிகள் மணலில் வாய்க்கால் வெட்டி, கசியும் நீரை வயலுக்குத் திருப்பினார்கள். ஊற்றுக்கால் என்று அதற்குப் பெயர். ஊரார் கூடி ஆண்டுதோறும் தூர் எடுத்துக் காப்பாற்றிய இந்தக் கால்களால் கோடையிலும் பயிர் நின்றது. மணல் அளவுமீறி அள்ளப்பட்டதாலும், ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதாலும் ஊற்றுக்கால்கள் பல ஊர்களில் பெயரளவில்தான் நிற்கின்றன.

அடுத்த அடி தோல் தொழிற்சாலைக் கழிவால் விழுந்தது. முன்பு ஆவாரம்பட்டை போன்றவற்றால் தோல் பதனிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் பச்சைத் தோலாக ஏற்றுமதி செய்யாமல் முழுதும் பதனிட்ட தோலாக அனுப்ப வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு கொண்டுவந்தபின் குரோம் பதனிடல் வேகமாகப் பரவியது. தோல் அழுகாமலிருக்க முதலில் பூசும் உப்பு, பிறகு சேர்க்கும் ரசாயனங்கள், குரோமியம் எல்லாம் கழிவுநீரில் கலந்து ஆற்றிலும் ஏரியிலும் கிணற்றிலும் இறங்கின. ராணிப்பேட்டையில் 1995ல் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவுக் குவியல் மட்டும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல்.

இதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996ம் ஆண்டு ஆகஸ்ட் 28ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 எக்டர் நிலம் ஓரளவோ முழுதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கண்டது அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. மாசு செய்தவரே நஷ்ட ஈடும் கொடுத்து, கெட்ட நிலத்தைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று இத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. அதன்படி அமைந்த ஆணையம் 2001ல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் ஈடு நிர்ணயித்தது. நிர்ணயித்த பிறகும் பிரச்னை தீரவில்லை. 2025 ஜனவரி 30ம் தேதி உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாக்கியுள்ளவர்களுக்கு ஈட்டுத் தொகையை வழங்கி, அதை மாசு செய்தவர்களிடம் வசூலிக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு தலைமுறை முழுதும் இந்த வழக்கோடு வளர்ந்துவிட்டது.

தோல் தொழிலை ஒரேயடியாக வெறுப்பதும் சரியல்ல. இந்தப் பகுதியில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. நிலம் கெட்டதால் ஷூ கம்பெனி வேலைக்குப் போன விவசாயி மகள்களும் அதில் உண்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவை ஒவ்வொரு நாளும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்பதே கேள்வி.

கெட்ட நீரை எப்படி அறிவது?

தோல் ஷாப் இல்லாத ஊரிலும் கிணற்று நீர் உப்பாவது உண்டு. எனவே இதை எல்லா விவசாயிகளும் அறிந்துகொள்ள வேண்டும்.

பரிசோதனைச் சீட்டில் மின்கடத்தும் திறன் என்று ஓர் எண் இருக்கும். அது நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டுகிறது. பொதுவாக 0.7க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை இருந்தால் பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. பீன்ஸ் போன்றவை சிறிது உப்பையும் தாங்காது. கரும்பும் அதிகம் தாங்காது. நெல்லும் நிலக்கடலையும் நடுத்தரம். பருத்தி நன்றாகத் தாங்கும். தென்னையும் ஓரளவு தாங்கும்.

மண்ணில் இரண்டு வகைக் கேடு உண்டு. வெயிலில் வெள்ளையாக உப்புப் பூத்தால் உவர். நல்ல நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்றுவதே இதற்கு வழி. மண் இறுகிப் பாளம் பாளமாக வெடித்து, நீர் இறங்காமல் நின்றால் களர். இதற்குச் சோதனை சொல்லும் அளவில் ஜிப்சம் இட்டு, நீர் கட்டி, வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். நெல்லில் திருச்சி 1, திருச்சி 3 ஆகிய ரகங்கள் களர் நிலத்துக்கென்றே உருவாக்கப்பட்டவை. உவரா களரா என்று அறியாமல் ஜிப்சம் கொட்டினால் பணம்தான் வீண்.

குரோமியம் போன்ற உலோகங்களை இந்தச் சாதாரணச் சோதனை காட்டாது. தொழிற்சாலைக் கழிவு கலந்ததாகச் சந்தேகம் இருந்தால் அதற்கெனத் தனிச் சோதனை கேட்க வேண்டும். அந்த நீரைக் குடிக்கவோ, கால்நடைக்குக் காட்டவோ கூடாது. சீட்டுகளைத் தேதியோடு பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் ஈடு கேட்க நேர்ந்தால் முன்பு நீர் நன்றாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.

மூன்றாம் நாள்: ஏலகிரி

வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் எங்கிருந்தும் ஏலகிரிக்குப் போகலாம். அடிவாரம் பொன்னேரி. 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். ஊட்டி, கொடைக்கானல் போல ஆடம்பரமில்லாத மலை. மலைவாழ் மக்களின் சிற்றூர்கள், சாமை, கேழ்வரகுக் கொல்லைகள், பலா, கொய்யா, சீத்தா மரங்கள் இருக்கின்றன. புங்கனூர் ஏரியில் படகு விடுகிறார்கள். சுவாமிமலைக் குன்றில் ஏறிப் பார்த்தால் சமவெளியின் ஏரிகள் சங்கிலி போலத் தெரியும். மேல் ஏரியின் உபரி கீழ் ஏரிக்குப் போகும் அமைப்பைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

மலையின் மறுபக்கம், திருப்பத்தூர்ப் பக்கமாக ஜலகாம்பாறை அருவி. வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னால் போனால்தான் நீர் விழும். கோடையில் பாறைதான் மிஞ்சும். மழை நாளில் திடீரென நீர் பெருகுவதால் பிள்ளைகளைக் கையில் பிடித்திருக்க வேண்டும்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் ஜவ்வாது மலை போகலாம். வேலூர்ப் பக்கம் அடிவாரத்தில் அமிர்தி வனப் பூங்கா. மலைமேல் காவலூரில் வைணு பாப்பு வானாய்வு நிலையம் இருக்கிறது. 1986ல் அமைந்த அதன் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்கிய சிறுகோள் 1988ல் இங்கிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. சனிக்கிழமைகளில் பார்வையாளரை அனுமதிப்பது வழக்கம். முன்கூட்டி விசாரித்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

கிழக்குப் பக்கம் போக விரும்புவோருக்கு

வேலூரிலிருந்து கிழக்கே போனால் ஆற்காடு. 1751ல் கிளைவ் முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் மிஞ்சியது டில்லி கேட் என்ற வாசல். ராணிப்பேட்டையில் நவ்லாக் அரசு தென்னை நாற்றுப் பண்ணை. ஒன்பது லட்சம் மரங்கள் நின்ற தோப்பு என்பதால் இப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நாற்று வாங்குவோர் ஓராண்டு வயதும், ஆறு இலைக்குக் குறையாமலும், கழுத்துச் சுற்றளவு 10 செ.மீ.க்குக் குறையாமலும் பார்த்து எடுக்க வேண்டும்.

வாலாஜா அருகே 1850களில் கட்டப்பட்ட பாலாற்று அணைக்கட்டு, அதிலிருந்து நீர் பெறும் காவேரிப்பாக்கம் பெரிய ஏரி, அதற்கும் அப்பால் மகேந்திரவாடி. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான். மகேந்திர தடாகத்தின் கரையில் இதை அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. ஏரியையும் கோயிலையும் சேர்த்தே எண்ணிய அரசனின் ஏரி ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் அங்கே இருக்கிறது.

செலவும் எச்சரிக்கையும்

இந்தப் பயணத்துக்குக் கார் அவசியமில்லை. 2021 மே முதல் அரசின் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வேலூரில் மருத்துவமனைக்கு வருவோருக்காகவே சிறிய விடுதிகள் நிறைய இருக்கின்றன. ஏலகிரியில் வார இறுதியில் வாடகை ஏறிவிடும். வார நாளில் போனால் சிக்கனம்.

மே மாதத்தில் வேலூர்ச் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது கோட்டையையும் சந்தையையும் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். பாலாற்று மணலில் பள்ளங்கள் மறைந்திருக்கும், நீர் இருக்கும்போது இறங்கக் கூடாது. தோல் தொழிற்சாலை ஓடைகளில் பிள்ளைகள் கால் வைக்கக் கூடாது.

வழியில் நிலம் வைத்திருக்கும் விவசாயிகளும் இதில் பயன் பெறலாம். ஏலகிரிக்குப் போகிறவர்கள் கொய்யாவும் சாமை அரிசியும் வாங்கத் தயாராகவே வருகிறார்கள். முள்ளு கத்தரியைத் தரம் பிரித்துப் பெயர்ப்பலகை வைத்துச் சாலையோரம் விற்றால் மண்டி விலையைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். எடை சரியாக இருக்க வேண்டும், வேறு கத்தரியைக் கலக்கக் கூடாது. ஒருமுறை ஏமாந்த பிரயாணி மறுமுறை வண்டியை நிறுத்த மாட்டார்.

வீடு திரும்பியதும் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று பார்த்து, சீட்டைப் பிள்ளைகளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அடுத்த ஆண்டும் அதே மாதத்தில், அதே கிணற்று நீரைச் சோதித்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால், கிணறு எந்தப் பக்கம் போகிறது என்பது காலத்தோடு தெரிந்துவிடும்.